எழுதப்படாத உயிர்கள்: பண்டைய எகிப்திய வினைச்சொல் பற்றிய கருத்துகள், ஓர் ஆய்வு

பண்டைய எகிப்திய மொழியின் வினைச்சொல் எத்தனை வடிவங்களை உடையது, அவை ஒவ்வொன்றும் எதை உணர்த்தின என்ற கேள்வி கேட்பதற்கு எளியது. ஆயினும் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளாக அதற்கு ஒருமித்த விடை கிடைக்கவில்லை. ஷாம்போலியன் 1822இல் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டறிந்தபின், கல்வெட்டுகளும் பாப்பிரஸ் சுவடிகளும் பெருமளவில் மொழிபெயர்க்கப்பட்டன. ஒரு வாக்கியத்தின் பொருளில் ஐயமில்லாத இடங்களிலும்கூட, அதன் வினை இறந்தகாலத்தைக் குறிக்கிறதா, முடிவுற்ற செயலைக் குறிக்கிறதா, அன்றி அது வினைமுற்றே அல்லாமல் ஒருவகைப் பெயரா என்பதில் அறிஞர்கள் இன்றும் வேறுபடுகின்றனர்.

இந்த நிலைக்கு முதற்காரணம் எழுத்துமுறை. எகிப்தியர் மெய்களை மட்டுமே எழுதினர், உயிர்களைக் குறிக்கவில்லை. தமிழில் 'பாடு', 'பாடி', 'பாட' ஆகிய மூன்றையும் உயிர் நீக்கி எழுதினால் மூன்றும் 'ப்ட்' என்றே நிற்கும். ஏவலும், 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சமும், 'செய' என்னும் வாய்பாட்டு எச்சமும் தம்முள் வேறுபாடின்றிக் கலந்துவிடும். எகிப்திய இலக்கணம் எழுத முனைந்தவர்கள் எதிர்கொண்டது ஏறக்குறைய இத்தகைய மொழியைத்தான். அவர்களுடைய விடைகளின் வரலாற்றில், சான்று பேசாத இடத்தைத் தத்தமக்குத் தெரிந்த மொழியின் இலக்கண வகைகளால் நிரப்பும் போக்கு திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

வடிவங்களும் உறுப்புகளும்

விவாதத்தின் மையத்தில் நிற்கும் எடுத்துக்காட்டுச் சொல் 'கேள்' என்னும் பொருளுடைய வினை. பசுவின் காதைக் காட்டும் குறியால் எழுதப்படும் இதன் மெய்கள் ஸ்-ஜ்-ம். உயிர்கள் தெரியாமையால் எகரத்தை இடையிட்டுச் 'செஜெம்' என்று ஒலிப்பது ஆய்வாளர் மரபு. எகிப்தியர் அவ்வாறு ஒலித்தனர் என்று கொள்ளக் கூடாது. இதனோடு 'அவன்' என்பதைக் குறிக்கும் ஃப் என்னும் விகுதி சேரும்போது 'செஜெமெஃப்' ஆகிறது. பகுதிக்கும் விகுதிக்கும் இடையில் ன் என்னும் உறுப்பு வருமானால் 'செஜெமெனெஃப்' ஆகி, பெரும்பாலும் 'அவன் கேட்டான்' என்ற பொருளைத் தருகிறது. பகுதி, இடைநிலை, விகுதி என்று சொல்லைப் பிரித்துக் கற்ற தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு அயலாகத் தோன்றாது. ஆனால் எகிப்திய விகுதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு: அதே ஃப் பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் 'அவனுடைய' என்று பொருள்படும். ஆகவே செஜெமெஃப் என்பதை 'அவன் கேட்கிறான்' என்றும் 'அவனது கேட்டல்' என்றும் எழுத்தளவில் பிரிக்க இயலாது.

வலுவான மெய்கள் மூன்றையும் உடைய இத்தகைய வினைகள் எவ்வடிவத்திலும் ஒரே தோற்றம் தருவதால், அவை ஆய்வுக்குப் பயன்படுவது குறைவு. ஈற்றில் வலுவற்ற மெய்யை உடைய வினைகளே வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கின்றன. 'விரும்பு' என்னும் வினை மெரெஃப், மெரெரெஃப், மெரியெஃப் என்று மூன்று வகையாக எழுதப்படுகிறது. இவற்றுள் இரண்டாவதில் மெய் இரட்டிக்கிறது. 'செய்', 'வெளியேறு' என்னும் பொருளுடைய வினைகளும் இவ்வாறே இரட்டிக்கின்றன. இந்த இரட்டிப்பு எதற்காக என்பதுதான் பிற்கால விவாதங்கள் பலவற்றின் கரு.

மொழியின் கால நீட்சியும் கருதத்தக்கது. கி.மு. 2350 அளவில் சக்காராவில் ஊனாஸ் மன்னரின் பிரமிடுச் சுவர்களில் வெட்டப்பட்ட சமயப் பனுவல்கள் பழைய எகிப்தியத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ கி.மு. 2000 முதல் நடு எகிப்தியமும், கி.மு. 1300 அளவில் தொடங்கிப் பிந்தைய எகிப்தியமும், அதன்பின் டெமோடிக் என்னும் விரைவெழுத்தில் எழுதப்பட்ட மொழியும் வழங்கின. கிறித்தவக் காலத்தில் கிரேக்க எழுத்துகளால், அதாவது உயிர்களோடு, எழுதப்பட்ட காப்டிக் இவற்றின் கடைசிக் கட்டம்.

பெர்லின் இலக்கணிகளும் செமித்திய அளவுகோலும்

முறையான முதல் விடை பெர்லினில் உருவாயிற்று. அடோல்ஃப் எர்மன் 1880இல் பிந்தைய எகிப்திய இலக்கணத்தையும் 1894இல் பொது இலக்கணத்தையும் வெளியிட்டு, மொழியின் கட்டங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டினார். 1889இல் அவர் அடையாளம் கண்ட வடிவம் ஒன்று குறிப்பிடத்தக்கது: இன்று 'நிலைவினை' என்னும் பொருளில் பெயரிடப்படும் அவ்வடிவம் செஜெமெஃப் வகையைச் சாராமல் தனக்கே உரிய விகுதிகளைக் கொண்டது, அதன் தன்மை ஒருமை விகுதியாகிய 'கூ', அக்காடிய மொழியில் நிலையைக் குறிக்கும் வடிவத்தின் 'ஆகு' என்னும் விகுதியோடு ஒத்துவருகிறது. எகிப்தியமும் செமித்திய மொழிகளும் தொல்பழங்காலத்தில் உறவுடையன என்பதற்கு இது வலுவான சான்றுகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

எர்மனின் மாணவரான குர்ட் ஸேதே, 1899 முதல் 1902 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட எகிப்திய வினை பற்றிய நூலில், வினைகளை அவற்றின் மெய்களின் எண்ணிக்கைக்கும் வலுவுக்கும் ஏற்ப வகுத்தார். அந்த வகைப்பாடு இன்றளவும் பெரிதும் நிலைத்துள்ளது. அவர்களுடைய விளக்கத்தின் வலுவின்மை வேறிடத்தில் இருந்தது. எபிரேயம், அரபு ஆகியவற்றின் இலக்கண வகைகளை முன்மாதிரியாகக் கொண்டமையால், உறவு மெய்யாக உள்ள இடங்களில் அவர்கள் நன்கு கண்டனர். எகிப்தியம் தன் வழியே சென்ற இடங்களில் பெயரிடுவதோடு நின்றனர். இரட்டித்த வடிவத்தை 'அழுத்த வடிவம்' என்று அவர்கள் அழைத்தனராயினும், அழுத்தம் வாக்கியத்தின் எப்பகுதியின்மீது விழுகிறது என்பதை வரையறுக்கவில்லை.

கன்னும் கார்டினரும்: காலமா, வினைநோக்கா

இங்கிலாந்தில் பாட்டிஸ்கோம் கன் 1924இல் வெளியிட்ட தொடரியல் ஆய்வுகள் எதிர்பாராத ஒரு முரணை வெளிப்படுத்தின. உடன்பாட்டில் செஜெமெனெஃப் 'கேட்டான்' என்று இறந்தகாலம் காட்டுகிறது. அதன் முன் எதிர்மறைச் சொல் வந்தாலோ 'கேட்பதில்லை', 'கேட்க இயலாது' என்று பொதுவான நிகழ்வைக் குறிக்கிறது. மறுதலையாக, செஜெமெஃப் எதிர்மறையோடு வரும்போது 'கேட்கவில்லை' என்று இறந்தகாலப் பொருள் பெறுகிறது. கன் விதி என்று வழங்கும் இந்தக் கண்டுபிடிப்பு நடைமுறையில் இன்றும் பயன்படுகிறது. ஆனால் உடன்பாடும் எதிர்மறையும் ஏன் இவ்வாறு இடம் மாறுகின்றன என்பதற்கு எல்லாரும் ஏற்ற விளக்கம் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. வடிவங்களுக்குக் காலப்பெயர் சூட்டுவது போதாது என்பதை மட்டும் அது ஐயமின்றிக் காட்டியது.

ஆலன் கார்டினர் 1927இல் வெளியிட்ட இலக்கணம், 1957இல் மூன்றாம் பதிப்பைக் கண்டு, ஆங்கிலம் வழியாக எகிப்தியம் கற்ற பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக இருந்தது. செயல் எப்போது நடந்தது என்பதைவிட, அது முழுமையாக நோக்கப்படுகிறதா, தொடர்வதாக அல்லது மீள நிகழ்வதாக நோக்கப்படுகிறதா என்பதே எகிப்திய வினையின் அடிப்படை என்று அவர் கொண்டார். இந்த வேறுபாட்டை மொழியியலார் வினைநோக்கு என்பர். இரட்டிக்காத வடிவம் முழுமை நோக்குடையது, இரட்டித்த வடிவம் தொடர்ச்சியும் மீள்நிகழ்வும் உடையது என்பது அவர் முடிவு. மெய்யை இரட்டித்தல் செயலின் இரட்டிப்பைக் காட்டுகிறது என்னும் இவ்விளக்கம் மனத்துக்கு உடனே பிடிக்கக்கூடியது; ஒருகால் அதுவே அதன் குறையும் ஆகலாம். ஒருமுறை மட்டும் நடந்த செயலுக்கு இரட்டித்த வடிவம் வரும் இடங்களும், வழக்கமான செயலுக்கு இரட்டிக்காத வடிவம் வரும் இடங்களும் குறைவல்ல. அவற்றை விதிவிலக்கென்று ஒதுக்க ஒதுக்க விதியே மெலிந்துபோயிற்று.

பொலோட்ஸ்கியின் திருப்பம்

விவாதத்தின் போக்கை மாற்றியவர் ஹான்ஸ் யாக்கோப் பொலோட்ஸ்கி. 1905இல் சூரிக்கில் பிறந்து, ஜெர்மனியில் பயின்று, ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1944இல் கெய்ரோவில் வெளியிட்ட காப்டிக் தொடரியல் ஆய்வில், பழைய மொழியின் புதிருக்கான திறவுகோலை அதன் கடைசிக் கட்டத்தில் தேடினார். காப்டிக்கில் காலவடிவம் ஒவ்வொன்றுக்கும் இணையாக இன்னொரு வடிவம் உண்டு. முன்னையவற்றை முதற்காலங்கள் என்றும் பின்னையவற்றை இரண்டாம் காலங்கள் என்றும் இலக்கணிகள் அழைத்துவந்தனர். இரண்டின் பொருளிலும் வேறுபாடு காண அவர்களால் இயலவில்லை.

வேறுபாடு வினையின் பொருளில் இல்லை, வாக்கியத்தின் கட்டமைப்பில் உள்ளது என்பது பொலோட்ஸ்கியின் விடை. இரண்டாம் காலம் வரும் வாக்கியத்தில் எப்போதும் இடம், காலம், முறை, காரணம் போன்றவற்றைக் குறிக்கும் அடைமொழி ஒன்று உண்டு. செய்தியின் முதன்மை அதன்மீதே விழுகிறது. 'எங்கே', 'எப்படி' போன்ற வினாச்சொற்கள் வரும்போது இரண்டாம் காலம் மிகுதியாக வருவதும், அவ்வாக்கியங்களில் எதிர்மறை வினையை விட்டு அடைமொழியைச் சாருவதும் அவர் காட்டிய சான்றுகள். பிரெஞ்சு மொழியின் பிளவு வாக்கியத்தை அவர் ஒப்புமைக்குக் கொண்டார். தமிழ் வாசகருக்கு அத்தனை தொலைவு செல்ல வேண்டியதில்லை. 'அவன் நேற்று வந்தான்' என்பதற்கும் 'அவன் வந்தது நேற்று' என்பதற்கும் உள்ள வேறுபாடே இது. முன்னதில் 'வந்தான்' வினைமுற்று, பின்னதில் 'வந்தது' பெயர்த்தன்மை பெற்று எழுவாயாகி, 'நேற்று' பயனிலையாகிறது. எதிர்மறையிலும் 'நேற்று வரவில்லை' என்பதும் 'வந்தது நேற்று அல்ல' என்பதும் வெவ்வேறு செய்திகள். இந்த ஒப்புமை விளக்கத்துக்காக மட்டுமே. எகிப்தியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டென்று இதைக்கொண்டு கருத இடமில்லை.

இந்த முடிவை நடு எகிப்தியத்துக்கும் பொலோட்ஸ்கி விரித்தார். இரட்டித்த மெரெரெஃப், 'அவன் விரும்புவது' என்னும் பெயர்த்தன்மையுடைய வடிவம். அதனால்தான் அது அடைமொழியைப் பயனிலையாக ஏற்கிறது. எர்மன் வைத்த 'அழுத்த வடிவம்' என்னும் பெயர் இவ்வாறு அரை நூற்றாண்டுக்குப் பின் பொருள் பெற்றது. இவ்விளக்கத்தின் வலு, இயக்கத்தைக் குறிக்கும் வினைகளில் நன்கு புலப்படுகிறது. 'வா', 'போ' போன்றவை இயல்பான இறந்தகாலச் செய்தியில் நிலைவினை வடிவத்தையே விரும்புகின்றன; அவை செஜெமெனெஃப் வடிவில் வரும்போது, பக்கத்தில் பெரும்பாலும் ஓர் அடைமொழி இருந்து, 'வந்தது இந்த இடத்திலிருந்து', 'வந்தது இதற்காக' என்று படிக்க இடம் தருகிறது. காலக் கொள்கையாலும் வினைநோக்குக் கொள்கையாலும் விளங்காத பங்கீடு இது.

வினைமுற்று இல்லாத மொழியா?

1965இலும் 1976இலும் வெளிவந்த ஆய்வுகளில் பொலோட்ஸ்கி தம் கொள்கையை முழு அமைப்பாக்கினார். வினை பெயராகவோ, பெயரடையாகவோ, வினையடையாகவோ மாறி நிற்கலாம் என்பது அதன் சாரம். தமிழ் இலக்கணச் சொற்களில் சொன்னால், தொழிற்பெயர், பெயரெச்சம், வினையெச்சம் ஆகிய மூன்றும் எகிப்தியத்தில் தனித்தனி வடிவங்களாக அமைந்துள்ளன என்று ஆகும். அவருடைய வழிவந்தோர் இதை மேலும் இறுக்கி, 'நியமக் கொள்கை' என்று பின்னர் பெயர் பெற்ற நிலைப்பாட்டை அமைத்தனர். அதன்படி வாக்கியத் தலைப்பில் வரும் வினை பெரும்பாலும் பெயர்த்தன்மையுடையது, பின்னால் வருவது வினையெச்சத் தன்மையுடையது. எஞ்சும் வினைமுற்று மிகச் சொற்பம்.

இம்முடிவு பலரைத் தயங்கவைத்ததில் வியப்பில்லை. முதற்குறை, அழுத்தத்தின் பெருக்கம்: கதை சொல்லும் பகுதியொன்றில் வாக்கியந்தோறும் அடைமொழியே முதன்மை பெறுகிறது என்றால், முதன்மை என்ற சொல்லுக்கே பொருள் குறைந்துவிடும். இரண்டாவது, அடைமொழி எதுவும் இன்றி இரட்டித்த வடிவங்கள் இரண்டு அடுத்தடுத்து நின்று ஒன்றையொன்று சமன்செய்யும் தொடர்களும், பனுவலின் தொடக்கத்தில் அழுத்தமின்றி அவ்வடிவம் வரும் இடங்களும் உள்ளன. மூன்றாவதை மார்க் காலியர் 1990இல் வெளியிட்ட கட்டுரையில் கூர்மையாக எடுத்துக்காட்டினார்: ஒரு சொற்றொடர் வாக்கியத்தில் அடைமொழியின் இடத்தை வகிப்பதனாலேயே அதன் வினை வினையடை என்னும் சொல்வகையைச் சேர்ந்ததாகிவிடாது, தொழிலையும் வகையையும் ஒன்றாகக் கொள்வது தருக்கப் பிழை. 1986இல் டென்மார்க்கின் ஹெல்சிங்கரில் கூடிய இலக்கண மாநாட்டின் தொகுப்பு, இது குழப்பமா புதிய சட்டகத்தின் தொடக்கமா என்ற கேள்வியையே தன் தலைப்பில் தாங்கி வந்தது அக்காலத்தின் மனநிலைக்குச் சான்று.

காலியருக்குப் பிந்தைய ஆய்வாளர் பலர் வினைக்கு அதன் வினைத்தன்மையை மீட்டுக்கொடுத்து, பொலோட்ஸ்கியின் மையக் கண்டுபிடிப்பை மட்டும் தக்கவைத்துக்கொள்கின்றனர். அண்டோனியோ லொப்ரியேனோவின் 1995ஆம் ஆண்டு நூல் இந்த இணக்கப்போக்குக்கு எடுத்துக்காட்டு. பிரமிடுப் பனுவல்களின் வினைகளை 1984இல் விரிவாக ஆராய்ந்த ஜேம்ஸ் ஆலன், தம் நடு எகிப்திய இலக்கணத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் வினை அமைப்பைத் திருத்தி, தாமே முன்பு பிரித்திருந்த வடிவங்களைக் குறைக்கும் திசையில் சென்றார். ஒரே அறிஞரின் எண்ணிக்கையே மாறுகிறது என்பது இத்துறையின் நேர்மைக்கும் அடையாளம், சான்றின் மென்மைக்கும் அடையாளம்.

வினையின் பொருள்: தொடரியல் விட்ட இடம்

வடிவங்களைப் பற்றிய சர்ச்சையில் வினைச்சொற்களின் சொந்தப் பொருள் நெடுநாள் புறக்கணிக்கப்பட்டது. சொற்பொருள் திரட்டும் பணி 1897இலேயே பெர்லினில் தொடங்கிவிட்டது. ஏறத்தாழ 15 இலட்சம் சீட்டுகளைத் தொகுத்து, 1926 முதல் 1931 வரை ஐந்து தொகுதிகளாகப் பேரகராதி வெளிவந்தது. எனினும், ஒரு வினை குறிக்கும் செயலின் உள்ளியல்பு அதன் வடிவத்தின் பொருளை எவ்வாறு மாற்றுகிறது என்பதை முறையாக ஆராய்ந்த பெரு நூல்களுள் முதன்மையானது ழான் வினான் 2006இல் வெளியிட்ட காலமும் வினைநோக்கும் பற்றிய நூல்.

'அறி' என்று மொழிபெயர்க்கப்படும் 'ரெஃக்' என்னும் வினை இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. அதன் அடிப்படைப் பொருள் 'அறிய வருதல்' என்று கொண்டால், இடைநிலை ன் பெற்ற வடிவம் 'அறிந்துகொண்டான்' என்று முடிவுற்ற செயலைச் சொல்ல, அதன் விளைவு 'இப்போது அறிவான்' என்றாகிறது. நிலைவினை வடிவமோ அந்த விளைவையே நேராகச் சொல்கிறது. தமிழில் 'புரிந்தது' என்று இறந்தகால வடிவத்தால் நிகழ்காலப் புரிதலைக் குறிப்பதும் இத்தகையதே. செயப்படுபொருள் குன்றா வினைகளில் நிலைவினை வடிவம் பெரும்பாலும் செயப்பாட்டுப் பொருள் தர, இயக்க வினைகளில் 'வந்து நிற்கும் நிலை'யைக் குறிப்பதையும் இந்நோக்கு ஒரே விதியின்கீழ்க் கொண்டுவருகிறது.

எழுத்திலேயே பொதிந்துள்ள சான்று மற்றொன்று. சொல்லின் இறுதியில் ஒலிக்கப்படாத துணைக்குறி இடுவது எகிப்திய வழக்கம்: நடக்கும் கால்கள் இயக்க வினைகளுக்கும், வாயருகே கைவைத்த மனிதன் உண்ணல், பேசல், எண்ணல், விரும்பல் ஆகியவற்றுக்கும், கோலேந்திய கை வலிமை வேண்டும் செயல்களுக்கும் வரும். உண்பதும் எண்ணுவதும் ஒரே குறியின்கீழ் அடங்குவது எகிப்தியரின் பொருள் வகைப்பாட்டைக் காட்டுகிறது என்று ஒர்லி கோல்ட்வாசர் முதலியோர் வாதிக்கின்றனர். எழுத்தரின் பள்ளிப் பழக்கத்தை மக்களின் சிந்தனையாக எந்த அளவுக்குக் கொள்ளலாம் என்பது எச்சரிக்கையோடு அணுகத்தக்கது.

விகுதியின் தோற்றம்

விகுதி எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விடைகள் முதன்மையானவை. செஜெமெனெஃப் என்பது 'அவனுக்குக் கேட்கப்பட்டது' என்னும் செயப்பாட்டு எச்சத் தொடராகத் தொடங்கியது என்பது ஒன்று. ன் என்பது 'கு' என்னும் வேற்றுமைப் பொருளுடைய எகிப்தியச் சொல்லோடு ஒத்திருப்பதும், பழம் பாரசீகத்தில் அத்தகைய அமைப்பு இறந்தகாலமாக வளர்ந்ததும் இதற்கு ஆதரவு. ஆனால் செயப்படுபொருள் குன்றிய வினைகளும் இவ்வடிவத்தை ஏற்பதால், தொடக்கத்தில் அது செயப்பாட்டாக இருந்திருப்பின் எப்படிப் பரவியது என்பதை விளக்கியாக வேண்டும். மற்றொன்று, வோல்ஃப்காங் ஷெங்கெல் 1975இல் வாதித்தது: வடிவங்கள் 'அவனது கேட்டல்' என்னும் தொழிற்பெயர்த் தொடரிலிருந்து எகிப்தியத்துக்குள்ளேயே தோன்றின. உடைமை விகுதியும் வினை விகுதியும் ஒன்றாக இருப்பதை இது எளிதில் விளக்குகிறது. பல வேறு வடிவங்கள் ஏன் தோன்றின என்பதை அவ்வளவு எளிதில் விளக்குவதில்லை.

பிற்கால வரலாறு இதைவிடத் தெளிவானது. விகுதி வடிவங்கள் மெல்ல மறைய, 'அவன் கேட்டலின்மேல் இருக்கிறான்', 'அவன் கேட்டலை நோக்கி இருக்கிறான்' போன்ற பல்சொல் தொடர்கள் நிகழ்காலமும் எதிர்காலமும் ஆயின; 'அவன் கேட்டலைச் செய்தான்' என்பது காப்டிக்கில் 'அஃப்ஸோத்ம்' என்னும் ஒரே சொல்லாக இறுகியது. விகுதி பின்னால் நின்ற மொழி, முன்னொட்டு முன்னால் நிற்கும் மொழியாயிற்று. கார்ல்டன் ஹாட்ஜ் 1970இல் மொழிச் சுழற்சி என்ற கருத்தை முன்வைத்தபோது எகிப்தியத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டது இதனால்தான்.

திறந்து நிற்பவை

இன்றைய நிலையில், இரட்டித்த வடிவம் அடைமொழியை முதன்மைப்படுத்தும் வாக்கியங்களில் வருகிறது என்பது ஏறக்குறைய எல்லாத் தரப்பினரும் ஏற்கும் செய்தி. அதன் இயல்பு பெயரா, பின்புலத்தை அமைக்கும் வினையா என்பதில் உடன்பாடில்லை. வினைநோக்குக் கொள்கையும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை: 'விரும்புகிறவன்' போன்ற பெயரெச்ச வகை வடிவங்களில் இரட்டிப்பு, தொடரும் அல்லது மீளும் செயலைத் தெளிவாகவே குறிக்கிறது. அங்கும் இங்கும் இரட்டிப்பு ஒன்றே எனில், கார்டினரின் கருத்தில் ஒரு பகுதியேனும் உண்மை என்றாகும். ஒன்றல்ல எனில், இரண்டு வேறு வடிவங்கள் எழுத்தில் தற்செயலாக ஒத்துள்ளன என்று நிறுவ வேண்டும்.

இதைத் தீர்க்கக்கூடிய சான்று உயிரெழுத்துகளே. சில இடங்களில் அவை தப்பியிருக்கின்றன. 'கொடு' என்னும் வினையோடு செஜெமெஃப் வடிவம் ஒன்று சேர்ந்து பிறவினை அமைந்தது. 'அவன் வாழும்படி கொடு' என்பது காப்டிக்கில் 'தன்ஹோ' என்று உறைந்து, இறுதி ஓகாரத்தில் அப்பழைய வடிவத்தின் அழுத்தமுற்ற உயிரைக் காத்துவைத்திருக்கிறது. அமர்னாவில் 1887இல் கிடைத்த ஆப்பெழுத்துக் கடிதங்கள், அமென்ஹோதெப் போன்ற பெயர்களில் பொதிந்த வினைகளின் ஒலியை அறிய உதவுகின்றன. இவற்றால் ஒரு செஜெமெஃப் மற்றவற்றினின்றும் உயிரால் வேறுபட்டது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. இரட்டித்த வடிவத்துக்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை: பிந்தைய எகிப்தியத்தில் அதன் இடத்தைச் 'செய்' என்னும் துணைவினையால் அமைந்த புதிய தொடர் கைப்பற்றியது, காப்டிக்கின் இரண்டாம் காலங்களும் புதிய அமைப்புகளே, மெரெரெஃப் பேச்சுவழக்கிலிருந்து மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே எகிப்தியர் உயிர்களை எழுதத் தொடங்கினர்.